பார்வை போன வீட்டில் முதல் சில மாதங்கள்: ஒரு வழிகாட்டி

பார்வை மங்கிக்கொண்டே வந்த வருடத்தில் என்னை முதன்முதலில் அழவைத்தது பற்பசை. ஒரு கையில் பிரஷ், மறு கையில் டியூப். பிதுக்கினேன், பசை வாஷ்பேசினில் விழுந்தது. மறுபடி பிதுக்கினேன், விரலில் வழிந்தது. அத்தனை வருடம் யோசிக்காமல் செய்த வேலை. பிறவியிலேயே பார்வையில்லாத நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "எதுக்கு பிரஷ்ல வைக்கிறீங்க? நேரா நாக்குல வச்சுட்டு பிரஷ வாயில விடுங்க." அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து ஒரு துளி பசை வீணானதில்லை.

கண் ஒரே பார்வையில் முழு அறையையும் அள்ளிக் கொடுத்துவிடும். கையும் காதும் அப்படிக் கொடுக்காது. ஒவ்வொன்றாக, வரிசையாகத்தான் கொடுக்கும். ஆகவே பார்வை போனபின் வேலை செய்யும் வரிசை மாறுகிறது. அந்த வரிசை பிடிபடும்வரைதான் திண்டாட்டம். பார்வை அண்மையில் போனவருக்கும், போய்க்கொண்டிருப்பவருக்கும், அவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவருக்கும் இதை எழுதுகிறேன். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டால் இன்னும் நல்லது.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

முதல் வேலை இதுதான். பார்வை இல்லையென்றால் கும்மிருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இப்போதும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், விளக்கு எரிவதும் அணைவதும் தெரியும். பார்வையற்றவர் எனப்படுவோரில் பெரும்பாலோருக்கு இப்படி ஏதோ ஒரு மிச்சம் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், இரு கண்களில் மேலான கண்ணின் பார்வை 3/60-க்கும் கீழே போனால் அது பார்வையின்மை. நலமான கண் 60 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை, இந்தக் கண்ணால் 3 மீட்டர் அருகில் வந்தும் படிக்க முடியாது என்று பொருள்.

அளவைவிட முக்கியம், மிச்சம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா கெட்டவருக்கு ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. நாற்காலியில் இடிக்காமல் நடந்து வந்துவிடுவார், எதிரே நிற்கும் மகளின் முகம் தெரியாது. கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோயிலும் எனக்கு வந்ததுபோன்ற பரம்பரை விழித்திரை நோயிலும் பெரும்பாலும் ஓரங்கள் முதலில் போகும், நடு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்டவர் பொடி எழுத்தைப் படிப்பார், காலடியில் இருக்கும் வாளியில் தடுக்கி விழுவார். "நேத்து நல்லாத்தானே பார்த்தீங்க, இன்னைக்குத் தெரியலங்கிறீங்க" என்ற பேச்சை இருவருமே கேட்டிருப்பார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வெளிச்சம் மாறினால், கோணம் மாறினால் தெரிவதும் மாறும்.

ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: பகலில் என்ன தெரிகிறது, அந்தியில் என்ன தெரிகிறது, கூசும் வெயிலில் என்ன ஆகிறது, தலையை எந்தப் பக்கம் திருப்பினால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. குறைபார்வைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது இந்தக் குறிப்புதான் உங்கள் வாயாக இருக்கும். சரியான உருப்பெருக்கி, சரியான விளக்கு, வெள்ளைத் தட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு விரிப்பு என்று சின்னச் சின்ன மாற்றங்களே மிச்சமிருக்கும் பார்வையைப் பல மடங்கு பயனுள்ளதாக்கும்.

பார்வை உள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு பெரிய புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளைக் கைநீட்டும் தூரத்திலிருந்து மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எட்மே மரியோட் இதைக் கண்டுபிடித்தார். கவனிக்க வேண்டியது, புள்ளி இருந்த இடத்தில் ஓட்டையோ கறுப்போ தெரியவில்லை என்பதைத்தான். தாளின் வெள்ளையை மூளை அங்கே நிரப்பிவிட்டது. கண்நீர் அழுத்த நோயில் பார்வையின் பெரும்பகுதி போகும்வரை பலர் அதை உணராமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ஒளியே தெரியாதவருக்குக் கறுப்பாகத் தெரியுமா என்று கேட்கிறார்கள். கறுப்பைப் பார்ப்பதற்கும் பார்வை வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? பிறவியிலேயே ஒளி தெரியாத என் நண்பர் தன் அனுபவத்தை அப்படித்தான் சொல்வார். பிற்காலத்தில் பார்வை இழந்த சிலருக்கோ கண்ணுக்குள் மின்னலும் வண்ணச் சுழலும் ஓயாது.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாத இரண்டு

யாருமில்லாத அறையில் தொப்பி வைத்த மனிதர்கள், கோலம்போல வலைப்பின்னல்கள், குட்டிக் குதிரைகள் என்று தெரிகிறதா? வெளியே சொன்னால் மனநோய் என்பார்கள் என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. 1760-இல் சுவிட்சர்லாந்தின் சார்ல் போனே, கண்புரையால் பார்வை குன்றிய தன் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இது சார்ல் போனே நோய்க்குறி எனப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்ததால் மூளை தானே படம் வரைந்துகொள்கிறது. அந்தக் காட்சிகள் பேசாது. அவை நிஜமில்லை என்று பார்ப்பவருக்கே தெரியும். கண்ணை வேகமாக இடவலமாக ஆட்டினாலோ, விளக்கைப் போட்டாலோ சிலருக்குக் கலைந்துவிடும். குரலும் சேர்ந்து கேட்டால், நிஜமென்றே தோன்றினால், அது வேறு விஷயம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது தூக்கம். நம் உடலின் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணிக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. தினமும் கண்ணில் விழும் வெளிச்சம்தான் அதைத் திருத்துகிறது. ஒளியே தெரியாதவர் பலருக்கு அந்தத் திருத்தம் நடப்பதில்லை. கடிகாரம் நாளுக்கு நாள் நகர்ந்துபோகும். சில வாரம் நல்ல தூக்கம், பிறகு சில வாரம் நடுநிசியில் விழிப்பும் பட்டப்பகலில் தள்ளாட்டமும். சோம்பேறித்தனம் என்று யாரும் ஏச வேண்டாம். மருத்துவம் இருக்கிறது, கேளுங்கள்.

வீட்டுக்கு ஒரே சட்டம்: எடுத்த இடத்தில் வை

கத்தரிக்கோலை எடுத்துவிட்டு மேசையின் இன்னொரு மூலையில் வைத்தால் பார்வை உள்ளவருக்கு அது அரை விநாடி வேலை. எனக்கு அது பத்து நிமிடம் தடவும் வேலை, சில நாள் கையைக் கிழித்துக்கொள்ளும் வேலை. எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டை வந்திருக்கிறது, கண்ணீரும் வந்திருக்கிறது. பார்வையற்றவரைக் கேட்காமல் ஒழுங்குபடுத்துவதும் இடம் மாற்றுவதுதான். அன்போடு துடைத்து அடுக்கியிருந்தாலும் அப்படித்தான்.

கதவுகள் முழுக்கத் திறந்திருக்கட்டும், அல்லது முழுக்கச் சாத்தியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நீட்டிய இரு கைகளுக்கும் நடுவே நுழைந்து நேராக நெற்றியில் மோதும். அலமாரிக் கதவும் அப்படியே. எழுந்தவர் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போக வேண்டும்.

அடுத்து, ஒன்றுபோல இருக்கும் பொருள்களைப் பிரித்தறிய அடையாளம் வையுங்கள். காலை மருந்துக் குப்பிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு. நீலச் சட்டையின் உள்பட்டியில் ஒரு முடிச்சு, கறுப்புக்கு இரண்டு. அடுப்புக் குமிழிலும் சலவை எந்திரத்திலும் அடிக்கடி தேவைப்படும் இடத்தில் மட்டும் மேடான ஒட்டுப்புள்ளி. எல்லா இடத்திலும் ஒட்டினால் எதற்கும் அர்த்தமில்லாமல் போகும்.

கீழே விழுந்ததை எடுக்க ஒரு முறை உண்டு. என்னைக் கேட்டால் முதல் வாரமே கற்க வேண்டியது இதுதான். பொருள் விழுந்ததும் அசையாமல் நில்லுங்கள். உருண்டு ஓயும் கடைசிச் சத்தம்வரை கேளுங்கள். அந்தச் சத்தத்தை நோக்கி உடலைத் திருப்புங்கள். ஒரு கையின் புறங்கையை நெற்றிக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கிக் குனியுங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் மேசை விளிம்பில் முகம் போய் இடிக்கும், என் மூக்கில் அந்தத் தழும்பு இருக்கிறது. பிறகு உள்ளங்கையைத் தரையில் பரப்பி, சின்ன வட்டத்தில் தொடங்கி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். தாறுமாறாகத் துழாவினால் தொட்ட இடத்தையே மறுபடி தொடுவீர்கள்.

தண்ணீர் ஊற்றுவது

குளிர்ந்த தண்ணீர் என்றால் டம்ளரின் விளிம்புக்குள் விரல்நுனியை மடக்கி வைத்து, ஈரம் பட்டதும் நிறுத்தலாம். சுடுநீருக்கு அது ஆகாது. டம்ளரை விளிம்புள்ள தட்டின்மேல் வையுங்கள். பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டு நிறுத்துங்கள். மெதுவாக ஊற்றிக்கொண்டே காதைக் கொடுங்கள். தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றின் நீளம் குறைகிறது, சத்தத்தின் சுருதி ஏறுகிறது. பத்து நாள் பச்சைத்தண்ணீரில் பழகினால் அந்தச் சுருதி மனதில் பதிந்துவிடும். கூடவே டம்ளரின் கனத்தையும் கவனியுங்கள். விளிம்பில் மாட்டினால் தண்ணீர் எட்டியதும் பீப் அடிக்கும் சிறு கருவியும் கிடைக்கிறது.

கைபேசி பேசட்டும்

இந்தக் கட்டுரை முழுவதையும் திரைவாசிப்பான் உதவியோடுதான் எழுதினேன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் செயலி அது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் கைபேசிக்குள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் தேடுங்கள். வாங்கத் தேவையில்லை.

முதல் நாள் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அதை எப்படி அணைப்பது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இயக்கியதும் திரை பழகியபடி நடந்துகொள்ளாது, பலர் பயந்துபோய் அன்றே விட்டுவிடுகிறார்கள். மூன்று அசைவு போதும்: ஒரு விரலால் தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும், வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும், இருமுறை தட்டினால் அதைத் திறக்கும். முதல் வாரம் அழைப்பு எடுப்பதும் அழைப்பதும் மட்டும். இரண்டாம் வாரம் குறுஞ்செய்தி. தமிழ்க்குரலைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். என் திரைவாசிப்பானின் வேகத்தைக் கேட்பவர்கள் "இது என்ன மொழி?" என்கிறார்கள். அந்த வேகத்துக்கு வர எனக்கு ஒரு வருடம் ஆனது.

கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் வளர்த்தது. 2006-இல் தொடங்கியது. இன்றும் இலவசம்.

வெண்கோல்

கோலைக் கையில் எடுக்க நான் இரண்டு வருடம் தயங்கினேன். எடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அந்த இரண்டு வருடத்தில் கம்பத்தில் மோதியதும் ஆள்மேல் இடித்து வசை வாங்கியதும்தான் மிச்சம். எடுத்த அன்றே கூட்டம் தானாக வழிவிட்டது. 1921-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், விபத்தில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் வாகனங்களுக்குத் தெரியட்டும் என்று தன் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். நீளக் கோலை வீசி நடக்கும் முறையை, இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹூவர் வகுத்தார்.

அடிப்படை இதுதான். நிமிர்ந்து நின்றால் கோல் உங்கள் நெஞ்செலும்புவரையாவது வர வேண்டும். கை வயிற்றுக்கு நேராக, மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். நுனி தோளகலத்தைவிடச் சற்றே அதிகமாக இடவலமாகப் போய்வர வேண்டும். வலது கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கம், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் ஓர் அடி முன்னதாகவே தொட்டுப் பார்த்துவிடும். பள்ளமும் படியும் அதில் தெரியும். தாழ்ந்த மரக்கிளையும் திறந்த ஜன்னலும் தெரியாது. அதனால் பயிற்சியாளர் ஒருவரிடம் கற்பதே சரி, எழுத்தைப் படித்துவிட்டுத் தனியே சாலையில் இறங்காதீர்கள்.

நடைமேடைகளில் மேடான தரைக்கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் செய்ச்சி மியாகே 1965-இல் உருவாக்கியது, 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதித்தார்கள். நீளக்கோடு என்றால் போகலாம், புள்ளிகள் என்றால் நில். அதன்மேல் வண்டியை நிறுத்துபவர், எனக்கு இருக்கும் ஒரே பாதையை அடைக்கிறார்.

ஆறு புள்ளிகள்

கைபேசி பேசும்போது, மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எதற்கு என்பார்கள். காது கேட்டுக்கொண்டே இருக்கும், எழுத்துப்பிழை காதுக்குத் தெரியாது. மருந்துக் குப்பியின்மேல் ஒட்டிய பிரெய்ல் சீட்டை மின்சாரம் இல்லாவிட்டாலும் படிக்கலாம். 1809-இல் பிறந்த லூயி பிரெய்ல் மூன்று வயதில் அப்பாவின் தோல்பட்டறையில் கூர்மையான கருவியால் கண்ணைக் குத்திக்கொண்டு, ஐந்து வயதுக்குள் இரு கண்ணையும் இழந்தார். பதினைந்து வயதில் இந்த ஆறு புள்ளி முறையை அமைத்தார். கடைசியில் தாளில் புள்ளி குத்தவும் கூரான ஊசியே உதவியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்கும்.

ஆறு புள்ளிக்கு இடமுள்ளது ஒரு கட்டம். அதில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. "அம்மா" என்று எழுதிப் பார்ப்போம். அ என்பது 1 மட்டும். மெய்யின் புள்ளிக்கு 4, அது எழுத்துக்கு முன்னால் வரும். பிறகு ம, அதற்கு 1, 3, 4. மறுபடி ம. கடைசியில் ஆ, 3, 4, 5. ஐந்து கட்டம், அம்மா வந்துவிட்டாள். துணைக்கால், கொம்பு எதுவும் கிடையாது, மெய்யெழுத்துக்குப் பின் உயிரெழுத்தையே வைத்தால் முடிந்தது. பெரியவர்களின் விரல் மெதுவாகத்தான் பழகும். அழுத்தாமல், ஆள்காட்டி விரலின் சதையால் இடமிருந்து வலமாக லேசாகத் தடவுங்கள். முதலில் பத்துச் சீட்டுகள் படிக்க வந்தால் போதும், புத்தகம் பிறகு.

கேட்கத் தயங்கும் கேள்விகள்

கனவு வருமா? வரும். பிறவியிலோ மிகச் சிறுவயதிலோ பார்வை இழந்தவர்களின் கனவில் குரலும் தொடுகையும் வாசனையும் இருக்கும், பொதுவாகப் படம் இருக்காது. ஏழெட்டு வயதுக்குப்பின் இழந்தவர்களுக்குப் படமும் வரும். என் கனவில் இன்னும் எல்லோருக்கும் பழைய வயதுதான்.

காது கூர்மையாகிவிடுமா? எனக்கு ஆகவில்லை, கவனிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் சிறுவயதிலிருந்து பார்வையில்லாதவர்கள் பிரெய்லைத் தடவும்போது பார்வைக்கான மூளைப்பகுதி வேலை செய்வதை 1990-களின் ஆய்வுகள் காட்டின. நாக்கால் சொடுக்கி எதிரொலியை வைத்தே சுவரும் மரமும் அறிபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டேனியல் கிஷ் அப்படி மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்.

"பார்த்தீங்களா", "அப்புறம் பார்ப்போம்" என்று எங்களிடம் சொல்லலாமா? தாராளமாக. நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம்.

உடனிருப்பவர்களுக்கு

வழி நடத்தும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். முதலில் கேளுங்கள்: "கூட வரட்டுமா?" சரி என்றால் உங்கள் புறங்கையை அவர் கையில் லேசாகத் தொடுங்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னே நடங்கள். நீங்கள் இறங்கும்போதும் திரும்பும்போதும் உங்கள் உடலே அவருக்குச் சொல்லிவிடும். குறுகிய வழி வந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், அவர் உங்கள் பின்னே வந்துவிடுவார். படி வந்தால் நின்று, "ஏறுற படி" அல்லது "இறங்குற படி" என்று சொல்லுங்கள். வெறும் "படி" போதாது. உட்கார வைக்க அவரைப் பிடித்து அழுத்த வேண்டாம், நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

"அங்க இருக்கு", "இதோ இங்க" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். "உங்க வலது கைக்கு ஒரு சாண் தள்ளி" என்று சொல்லுங்கள். தட்டில் இருப்பதைக் கடிகாரம்போல, "மூணு மணிப் பக்கம் இது, ஆறு மணிப் பக்கம் அது" என்று சொன்னால் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். அவருடைய விஷயத்தை அவரிடமே கேளுங்கள். "இவருக்கு என்ன வேணும்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது என்னை இன்றும் வலிக்கவைக்கும். "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்ற விளையாட்டும் வேண்டாம். வந்ததும் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

போகும்போதும் சொல்லுங்கள். ஒரு மாலை, எதிரில் உட்கார்ந்திருந்த உறவினரிடம் என் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ அழைப்பு வந்து ஓசையில்லாமல் எழுந்துபோய் நெடுநேரம் ஆகியிருந்தது. காலி நாற்காலிதான் கேட்டுக்கொண்டிருந்தது. வாசல் தாண்டும்போது நாமெல்லாம் வழக்கமாகச் சொல்கிற "போயிட்டு வரேன்" இருக்கிறதே, அதை அறையைவிட்டு எழும்போதே சொல்லிவிடுங்கள்.